பார்வையாளர் புத்தகத்தில் உன் பெயர்

அன்புத் தோழிக்கு,

பள்ளி நாளிலிருந்து நாம் சேர்ந்து போக நினைத்த நம் கதைப்புத்தகத் துப்பறிவாளரின் அருங்காட்சியகத்துக்கு நேற்று நான் மட்டும் போனேன்.

வாசலில், கதையில் வரும் பழங்காலப் பணிப்பெண்ணின் உடையில், அங்கே வேலை பார்க்கும் மாட் என்ற வயதான அம்மாள் நின்றிருந்தார். “என்னம்மா, தனியாவா வந்தே?” என்று கேட்டார்.

“கூட வர வேண்டியவ செத்துப்போயிட்டா” என்றேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து மாதமும் எட்டிப் பார்க்காதவள் நான் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அவர் கண் கலங்கிவிட்டது. யாரையும் உட்காரவிடாத துப்பறிவாளரின் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, டீ கொடுத்தார். பார்வையாளர் புத்தகத்தை நீட்டி, “அவ பேரை எழுதும்மா, அவளும் வந்த மாதிரி இருக்கும்” என்றார். ‘நினைவாக’ என்று போட்டு உன் பெயரை எழுதினேன்.

இரவெல்லாம் தூக்கமில்லை. இன்று காலை திரும்பப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“அடிப்பாவி! உயிரோட இருக்கிறவளுக்கா நான் அழுதேன்?” என்று திட்டினார். பெயரை அடிக்கப் பேனா கேட்டேன். தரவில்லை. “அவளே வந்து அடிக்கட்டும். பேரையோ, உன்னையோ!”

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த வாசலில் நிற்பேன். நீ வராவிட்டாலும் மூடும்வரை நிற்பேன்.

தலைகுனிந்து,
உன் பழைய சிநேகிதி