அக்கரை மாப்பிள்ளை

பெல்கிரேட், செர்பியா, 1914

ஜூன் 20 (அக்கரையில் ஜூலை 3)

என் அம்மாவுக்கும், என்னைக் கட்டிக்கொள்ளப்போகும் ஒப்ராடின் அம்மாவுக்கும் இன்று சண்டை. கல்யாணம் ஜூலை 13 என்கிறாள் என் அம்மா. இல்லவே இல்லை, 26 என்கிறாள் அவன் அம்மா. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமைதான்! சாவா ஆற்றைத் தாண்டினால் ஒப்ராடின் ஊர் செமுன், ஆஸ்திரிய ராஜ்ஜியம். அவர்கள் நாட்காட்டி பதின்மூன்று நாள் முன்னால் ஓடுகிறது. எனக்கும் ஒப்ராடுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனது.

நான் வேலை பார்க்கும் வெளியுறவு அமைச்சகத்தில் சரயேவோ பேச்சுதான். ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பையன்கள் நம் ஊரில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு போனவர்களாம். நான் தட்டச்சு செய்த இரங்கல் கடிதத்தில் ‘ஆழ்ந்த’ இரண்டு தடவை விழுந்துவிட்டது. மனசெல்லாம் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைச் செருப்பில்.

ஜூன் 28 (ஜூலை 11)

எங்கள் பிரிவுத் தலைவர் மிலுதின் ஐயா இன்று எனக்குப் பாடம் நடத்தினார்.

“நம்மை அடிக்கணும்னு வியன்னாவுக்குப் பல வருஷமா கை அரிக்குது. இப்ப சாக்கு கிடைச்சிடுச்சு. அது நம்மைத் தொட்டா ரஷ்யா வரும். ரஷ்யா வந்தா ஜெர்மனி வரும். அதுக்கு எதிரா பிரான்ஸ். அப்புறம் இங்கிலாந்து மட்டும் சும்மா வேடிக்கை பாக்குமா?”

“கோலோ ஆட்டம் மாதிரியா ஐயா? எல்லாரும் கை கோத்துக்கிட்டு, ஒருத்தர் தடுக்கினா மொத்தப் பேரும்?”

“உனக்குக் கல்யாணப் பைத்தியம் பிடிச்சிருக்கு, போ!” அவரும் சிரித்துவிட்டார். “ஒண்ணும் நடக்காது. ஐரோப்பாவுல பாதி மந்திரிங்க விடுமுறையில இருக்காங்க.”

ஜூலை 2 (ஜூலை 15)

செருப்பு கடிக்கிறது. கழற்ற மாட்டேன்.

ஜூலை 10 (ஜூலை 23)

உடம்பெல்லாம் குண்டூசியோடு தையல்காரி முன்னால் நின்றேன். அமைச்சகத்திலிருந்து என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தான். மாலை ஆறு மணிக்கு ஆஸ்திரியத் தூதர் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனாராம். பத்து நிபந்தனை. சனிக்கிழமை ஆறு மணிக்குள் பதில் வேண்டுமாம். பிரதமரோ தேர்தல் பிரசாரத்தில், ஊரிலேயே இல்லை.

பத்திரிகைகளை அடக்கு, அதிகாரிகளை நீக்கு. சரி, போகட்டும். ஆனால் அவர்கள் ஆட்களே நம் நாட்டுக்குள் வந்து விசாரிப்பார்களாம்!

“இது நாம ஒத்துக்கணும்னு எழுதினது இல்லம்மா,” என்றார் மிலுதின் ஐயா. “முடியாதுன்னு சொல்ல வைக்கணும்னே எழுதினது.”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கெடு சனிக்கிழமை, கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. நல்லவேளை, முந்தின நாளே தொல்லை தீர்ந்துவிடும்! — எனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா?

ஜூலை 12 (ஜூலை 25)

பகல் முழுக்க பதில் கடிதம். அடித்து, திருத்தி, மறுபடி அடித்து... தட்டச்சு இயந்திரம் இறுகிப்போக, கடைசியில் கையால் எழுதினோம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரி. அந்த விசாரணைக்கு மட்டும் மாட்டோம். முடித்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். யாரோ பிளம் சாராயம் ஊற்றினார்கள். இவ்வளவு இறங்கிப்போன பிறகு யாராவது சண்டைக்கு வருவார்களா?

ஆறு மணிக்கு முன் பதில் போய்ச் சேர்ந்தது. ஆறரை ரயிலில் தூதர் கிளம்பிவிட்டார். பெட்டியை முன்னாலேயே கட்டி வைத்திருந்திருக்கிறார்!

அரசாங்கம் மொத்தமும் எல்லையைவிட்டுத் தள்ளி நீஷ் நகருக்குப் போகிறது. என்னையும் ரயில் ஏறச் சொன்னார்கள்.

“நாளைக்குக் கல்யாணம் ஐயா!”

“மாப்பிள்ளை அக்கரையில. ஆத்தை அடைச்சாச்சும்மா.”

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால் — ஒப்ராட் உட்கார்ந்து சூப் குடிக்கிறான்! கல்யாண உடுப்பைத் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பெட்டியில் ஒளித்து, மத்தியானப் படகில் வந்துவிட்டான்.

“பட்டாளத்துக்குக் கூப்பிடப்போறாங்க. போனா உங்க வீட்டைத்தான் சுடச் சொல்வாங்க. அதான் வந்துட்டேன்.”

“உங்க அம்மா?”

“நீ போடா, நானும் வந்தா வீட்டை யார் பாத்துக்கிறதுன்னாங்க.” தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூலை 13 (ஜூலை 26)

கல்யாணம்! பாதிரியாருக்கு என்ன அவசரமோ, பாதி ஜெபத்தை விழுங்கிவிட்டார். கோலோ ஆட ஏழே பேர். செருப்பை வீசி எறிந்துவிட்டு ஆடினேன். நாளை நீஷ் ரயில், இரண்டு பேருமாக. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: லெபொசாவா, இனி நீ ஒப்ராடின் பெண்டாட்டி!

நீஷ், ஜூலை 23 (ஆகஸ்ட் 5)

ஆஸ்திரியா நம் மேல் போர் தொடுத்துவிட்டது. பிறகு ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், நேற்று இங்கிலாந்து. மிலுதின் ஐயா சொன்ன அதே வரிசை. இன்று அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“புருஷன் எந்த நாடோ அதுதான் பொண்டாட்டிக்கும், சட்டப்படி. நீ இப்ப ஆஸ்திரியப் பிரஜைம்மா. எதிரி நாட்டுக்காரி. இங்க வேலை செய்ய முடியாது.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். “அடிப்பாவி, என்னைக் கட்டிக்கிட்டு எதிரியாயிட்டியா!” என்றான் ஒப்ராட். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும் வரை சிரித்தோம்.

ஜூலை 29 (ஆகஸ்ட் 11)

இன்று என் நாற்காலியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். ஒப்ராட் நம் படையில் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், மருந்து கலக்கும் வேலை; அதனால் நான் இனி எதிரி இல்லையாம். ஆஸ்திரியர்கள் கையில் சிக்கினால் தூக்குத்தான். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல அதைச் சொன்னான்.

என்கிட்ட ஏண்டா கேக்கல? கேட்டா நான் விடமாட்டேன்னு அவனுக்குத் தெரியும், அதான்.

நாளை காலை பெல்கிரேடுக்குப் போகிறான், சாவா கரை முகாமுக்கு.

“நல்ல இடம்தான்,” என்றான் சட்டையை மடித்துக்கொண்டே. “அங்கேருந்து அக்கரையில எங்க அம்மா வீட்டுக் கூரை தெரியும். காலையில அடுப்புப் புகை வருதான்னு பாத்து எழுதறேன்.”