குண்டு எழுத்தில் ஒரு மரண அறிவிப்பு

ஆகஸ்டு 12, 1957. திங்கள்.

விடியலிலிருந்தே மழை. அச்சகத்தில் காகிதமெல்லாம் நமத்துப் போச்சு. மத்தியானம் சிங்கப்பூர் லாரி. மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கின பெரிய மர எழுத்துகள். இங்கிலீஷ் மட்டும்.

பெட்டியைத் திறந்தேன். அம்மாடி, என்ன தடிமன்! ஒவ்வொன்றுக்கும் அடியில் கட்டையாகப் பாதம். ஆனால் கூர்மை எங்கேயும் இல்லை, மூலையெல்லாம் உருட்டிவிட்ட மாதிரி. G-க்குத் தொப்பை. R காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் வைத்த பெயர்: குண்டு எழுத்து.

ஆகஸ்டு 13.

அடித்துப் பார்த்தோம். ஜாலான் பெண்டஹாரா தெரு ஜவுளிக்கடை மலிவு விற்பனை: பிரமாதம். எதிர்க்கடை வாசலிலிருந்தே தெரியும். தலைவலித் தைலம்: சரி. கல்யாணப் பத்திரிகை: ஐயோ! மணப்பெண் பெயர் மல்யுத்த நோட்டீஸ் மாதிரி. அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல்.

சத்தமாகப் பேசுகிற எழுத்து. ஆனால் கோபமே வராது அதற்கு.

மீன் வாங்க மறந்தேன். ராத்திரிக்கு நெத்திலி.

ஆகஸ்டு 15. வியாழன்.

விழாக் கமிட்டியின் மெர்டேக்கா போஸ்டர், 31-ஆம் தேதி சுதந்திரத்துக்கு. நாளைக் காலை கொடுக்கணும். MERDEKA MALAYA கோர்த்தேன். இங்கிலீஷுக்கென்று செய்த செட், A குறைச்சல். மலாய்க்கோ எங்கே பார்த்தாலும் A. இருந்ததெல்லாம் அதற்கே போச்சு.

முதல் தாளைச் சுவரில் ஒட்டினார். எத்தனை நாளாகக் காதில் விழுகிற வார்த்தை. இன்றைக்குத்தான் அதற்கு உடம்பு வந்த மாதிரி.

"உட்கார்ந்துட்டா யாராலயும் எழுப்ப முடியாது போலிருக்கே" என்றார்.

பாதி அடித்திருப்போம். பின்தெரு பீபிக் வந்தார்; பெரியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. மலாக்கா செட்டிக் குடும்பம், பெயர் தமிழ், பேச்சு மலாய். கணவர் நடராஜா காலையில் இறந்துவிட்டாராம். நாளை அடக்கம். சந்தியில் ஒட்ட நோட்டீஸ் வேண்டும்.

மெல்லிய எழுத்தைக் காட்டினேன். சாவுக்கு அதுதான் வழக்கம். அவர் சுவரைக் காட்டினார்.

"பீபிக், அது கடைக்கு, திருவிழாவுக்கு. சாவு வீட்டுக்கு ஆகாது."

"லாக்கி சாயா கெமுக்" என்றார். அதாவது, "என் வீட்டுக்காரர் குண்டு." "சிரிச்சா வீடே ஆடும். அவரை ஒல்லியாவா அனுப்புறது?"

NADARAJA. நாலு A. எல்லாம் மெஷினில்.

"கமிட்டிக்காரர் கத்துவாரே" என்றேன் இவரிடம்.

"கத்தட்டும். மெர்டேக்காவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அந்த மனுஷனுக்கு நாளைக்கு மட்டும்தான்."

போஸ்டருக்குக் கோர்த்த எழுத்தைப் பிரித்துவிட்டார்.

ஆகஸ்டு 16.

கமிட்டிக்காரர் கத்தினார். சாயந்திரம் தருகிறோம் என்றோம்.

பிறகு சந்திக்குப் போனேன். தூறல். மலிவு விற்பனைக்குக் கூவின அதே எழுத்துதானா? பெயரைச் சுற்றி வெள்ளையாக நிறைய இடம் விட்டிருந்தேன். அதன் நடுவில், ஆளே நிற்கிற மாதிரி. சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார். "நம்ம நடராஜாவா?" சிரித்துக்கொண்டே அழுதார்.

பெண்கள் சந்தி வரைதான். ஊர்வலம் இடுகாட்டுப் பக்கம் திரும்பினதும் பீபிக் சுவரண்டை வந்து பெயர்மேல் உள்ளங்கையை வைத்தார். ஈரத்தில் மை காயவே இல்லை. கை முழுக்கக் கறுப்பு. கைக்குட்டையை நீட்டினேன்.

வேண்டாமென்று தலையாட்டி, கையை மூடிக்கொண்டார்.