அந்த அத்திமரத்தைத் திறந்துவிட்டது நான்தான், அண்ணை

என் அண்ணைக்கு, வான் ஹோர்ன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் குளிர் ஜக்கெற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற உங்கள் தங்கச்சி எழுதுகிறேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற மாதத்தோடு ஒரு வருடம். எங்கள் மல்வேர்ன் பக்கம் இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. உங்கள் வானை விற்கவில்லை. உங்கள் மனுசி, மச்சாள்தான், அதை ஓடப் பழகிவிட்டார். ரிவேர்ஸ் எடுக்கும்போது மட்டும் என்னை இறக்கிவிட்டு, “பின்னாலை நிண்டு கையைக் காட்டும், ஆனா குறுக்கை நிக்காதையும்” என்பார். நீங்கள் வளவு வேலை செய்த வீடுகளின் இலைகளை இந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும்தான் வாரினோம். உங்களுக்கு அது சந்தோசமாக இருக்குமா, கவலையாக இருக்குமா?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இத்தாலிக்கார அம்மாவின் வீட்டுக் கதை.

நான் கனடாவுக்கு வந்த முதல் கார்த்திகை அது. என்னைப் பின்வளவில் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்து வீட்டுக்கு வேலைக்குப் போனீர்கள். அந்த அம்மா பனிக்காலத்துக்கு ஒஷாவாவில் இருக்கும் மகளிடம் போயிருந்தார். இலையை வாரிக் கடதாசிப் பைகளில் கட்டிவிட்டுப் பார்த்தேன். மூலையில் ஒரு குவியல். பழைய கார்ப்பெற், இரண்டு பலகை, அதற்கு மேலே ஒரு கும்பம் இலை. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் கூட்டாத வளவு என்றால் ஆளில்லாத வீடு. நாங்கள் விட்டுவிட்டு ஓடி வந்த வளவுகள்தான் அப்படிக் கிடந்தன. ஒரு மனுசி இருக்கிற வீட்டில் இப்படிக் குப்பை கிடக்கலாமா என்று எல்லாவற்றையும் இழுத்து றோட்டுக் கரையில் குப்பையோடு வைத்தேன். அடியில் இலையில்லாத ஒரு மரம் சரிந்து கிடந்தது. பட்ட மரம் என்று அதை மட்டும் விட்டேன். அந்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டியும் விட்டேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று எனக்குள்ளே பெருமை வேறு.

சித்திரையில் அந்த அம்மா திரும்பி வந்து பார்த்தபோது அந்த மரம் குளிரில் கருகிக் கிடந்ததாம். அது அவருடைய கணவர் ஊரிலிருந்து தடியாகக் கொண்டுவந்து நட்ட அத்திமரமாம். குளிர் தாங்காது என்று ஒவ்வொரு வருடமும் அதை நிலத்தில் சாய்த்து, இலையும் கார்ப்பெற்றும் போட்டு மூடிப் படுக்க வைப்பார்களாம். எனக்கு அது எப்படித் தெரியும்? தெரியாமல் செய்தது பிழையில்லை, அண்ணை. பிழை அதற்குப் பிறகுதான்.

நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வந்து கேட்டீர்கள்.

“தங்கச்சி, அந்த இத்தாலிக்கார அம்மான்ரை பின்பக்கத்திலை பலகை, கார்ப்பெற் ஏதும் எடுத்தனியோ?”

பக்கத்தில் மச்சாள் நின்றார். “உங்கடை தங்கச்சியை விட்டா புல்லையும் கூட்டி அள்ளிப்போடுவா” என்று சிரித்தார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் சுட்டது.

“இல்லை அண்ணை. நான் இலை மட்டும்தான் வாரினனான்.”

நீங்கள் அப்படியே அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தீர்கள். உங்கள் இங்கிலீசில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். என் தங்கச்சி பொய் சொல்லமாட்டாள் என்று இரண்டு தரம் சொன்னீர்கள். அந்த அம்மா உங்களைப் பொய்யன் என்றாராம், இனி வரவேண்டாம் என்றாராம். பக்கத்து வீட்டுக்காரரும் வேலையை நிற்பாட்டினார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்த றோட்டால் போகாமல் சுற்றித்தான் போனீர்கள். நான் பக்கத்து சீற்றில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று எட்டு மாதம் போனது. மார்கழியில் முதல் பனி கொட்டிய காலை, கடைப் பிளாசா வாசலில் சனம் வழுக்காமல் இருக்க உப்புப் போட்டுக்கொண்டு நின்ற நீங்கள் அப்படியே சரிந்தீர்கள்.

செத்த வீட்டில் மச்சாள் சொன்னார், “அந்தக் கிழவி பழி சொன்னவள். அந்த யோசினைதான் மனுசனைக் கொண்டுபோனது.” வருகிற சனத்துக்கெல்லாம் சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஓம், அப்படித்தான் என்றும் சொன்னேன், அண்ணை. அதையும் சொன்னேன்.

இப்போது மச்சாள் உங்கள் ஆண்டு நினைவுக்குப் புத்தகம் அடிக்கப் போகிறார். “நீரும் எழுதித் தாரும். கூடப்பிறந்தவ எழுதாட்டிச் சனம் என்ன சொல்லும்?” என்றார். எழுத இருந்தேன். உங்களைப் பற்றி என்ன நல்லது எழுத வந்தாலும் அந்தப் போன்தான் முன்னுக்கு வந்தது.

போன சனிக்கிழமை பஸ் எடுத்து அந்த அம்மாவிடம் போனேன். கதவைத் திறந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “நொட் மை பிரதர். மீ” என்று பின்வளவைக் காட்டிச் சொன்னேன். பிறகு உங்களைத்தான் கேட்டார். செத்துப்போனீர்கள் என்றேன். அவர் அப்படியே படியில் குந்தினார்.

அவருடைய இங்கிலீசும் என்னுடையதைப் போலத்தான், அதனால் விளங்கியது. மரம் சாகவில்லையாம். ஆனி மாதமே அடியிலிருந்து துளிர்த்ததாம். போன வருடம் இலை கொட்டும்போது நீங்கள் வருவீர்கள், காட்டுவோம் என்று பார்த்திருந்தாராம். உங்கள் நம்பர் எழுதியிருந்த துண்டைக் கோபத்தில் கிழித்துவிட்டாராம். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். என் இடுப்பளவுக்கு மூன்று கிளை நிற்கிறது. மன்னித்தாரோ தெரியாது. “யுவர் பிரதர் சே, மை சிஸ்டர் நோ லை” என்று, நீங்கள் போனில் சொன்னதை மட்டும் திருப்பிச் சொன்னார். பிறகு கயிற்றின் ஒரு நுனியை என் கையில் தந்தார். இரண்டு பேருமாகச் சாய்த்துக் கட்டி மூடினோம்.

அண்ணை, அன்றைக்குக் குசினியில் என் முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்ததோ? தெரிந்துகொண்டுதான் போன் எடுத்தீர்களோ? எனக்கு யார் சொல்லுவார்கள்?

நாளைக்கு இதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். பிறகு அவர் என்னோடு கதைப்பாரோ, வானில் ஏற்றுவாரோ தெரியாது. அவர் வேண்டாம் என்றால் இது அச்சுக்குப் போகாது. இதைப் புத்தகத்தில் யாரும் வாசித்தால், அவர் கேட்டுவிட்டு ஓம் என்றிருக்கிறார் என்று அர்த்தம். புத்தகத்தில் வராவிட்டாலும், செத்த வீட்டில் நான் தேத்தண்ணி கொடுத்த ஒவ்வொருவரிடமும் போய், பொய் சொன்னது நான் என்று சொல்லுவேன். என் கால் நடக்கிற வரைக்கும், கார்த்திகை வந்தால் அந்த மரத்தை மூடவும் போவேன். இது சத்தியம்.

உங்கள் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தங்கச்சி,
பவளம்