பின்வாசலிலிருந்து அறுபது தப்படி

அக்டோபர் 4, 1993

மழை. கடலில் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. ஹெர்ரிங் மீன் கருவாடுதான் வாங்க முடிந்தது.

சுற்றுலா அலுவலகத்திலிருந்து கடிதம். ‘எங்கள் கடற்கரைக்கு ஏன் வர வேண்டும்’ என்று புதிதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். முதலில் கடலும் கடலோரச் செங்குத்து மேடும், அடுத்து பழைய தேவாலயம், மூன்றாவது விருந்தாளிகளுக்கு நான் வாடகைக்கு விடும் என் வீட்டு மாடியறை - கவிஞர் அடலைன் மாரிக் தன் கடற்பாடல்களை எழுதிய அறை. கடைசியில் ஒரு வரி: ‘தகவல்கள் சரிபார்க்கப்படும்.’

அதை நான்கு முறை படித்தேன்.

அக்டோபர் 6

ஆள் வந்துவிட்டார். பெயர் லிட்டில்வுட், ஊர் ஹாலிஃபாக்ஸ். ஒரு வாரம் தங்குவாராம். அக்டோபரில், இந்தக் காற்றில், பாதை பாதியில் அறுந்து கடலுக்குள் தொங்குகிற ஊரில் யார் ஒரு வாரம் தங்குவார்கள்? மாடியறைதான் வேண்டும் என்றார். கையில் ஒரு பை, நீளமாகச் சுருட்டிய காகிதம். கேட்டதற்கு, “படம்ங்க” என்றார். என்ன படம்?

அக்டோபர் 7

காலையில் முட்டை, பன்றி இறைச்சி, பன்றி ரத்தத்தில் செய்த கறுப்புப் புட்டு எல்லாவற்றையும் துடைத்துத் தின்றார். காற்றைப் பற்றி நான் பேசினேன். காற்றைப் பற்றி அவரும் பேசினார். அதற்கு மேல் ஒரு விருந்தாளியிடம் எப்படிக் கேட்பது?

அவர் வெளியே போனதும் குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தேன். பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், ஒரு சீட்டு. சீட்டில் 19, 19, 20.

தபால் நிலையத்தில் டோரீனிடம் சொன்னேன். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி.

“நேரா கேட்ரு வின்னி. ‘யாருய்யா நீ’ன்னு.”

“நீ கேப்பியா?”

“நானா? சேச்சே. அது எப்படிக் கேக்கறது, மரியாதையா இருக்காதே.”

அக்டோபர் 8

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். பின்வாசல் படியில் இருந்து மேட்டின் விளிம்பு வரை உதடு அசைய எண்ணிக்கொண்டே நடக்கிறார். மூன்று தரம். நேற்றைய சீட்டிலும் மூன்று எண். பிறகு திரும்பி நின்று, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவர் மாதிரி என் வீட்டைப் பார்த்தார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இதுவரை இந்த நோட்டில் எழுதாததை எழுதிவிடுகிறேன். அடலைன் மாரிக் இந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தார், அது நிஜம். எந்த வீட்டில் என்று யாருக்கும் தெரியாது. என் கணவர் கிளைவ்தான், 1971இல் கையில் காசில்லாமல் இருந்தபோது, “நம்ம வீடுன்னு வெச்சுக்குவோமே, யாரு கேக்கப் போறா?” என்றார். கல்லறைக்கல் வெட்டுபவரிடம் பெயர்ப்பலகை செய்து வாசலில் மாட்டினார். ஹல் நகரத்து ஏலத்தில் ஒரு பழைய மேசை வாங்கி மாடியில் போட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என் தலையில். அந்தப் பலகை போனால் இங்கே ஒருவர் வரமாட்டார்.

அக்டோபர் 9

மாடியில் மேசையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். கீழே கேட்கிறது.

அக்டோபர் 10

இன்று வெடித்துவிட்டேன். தேநீர் கொண்டு போனபோது தரையில் பெரிய வரைபடத்தை விரித்து மண்டியிட்டிருந்தார். தட்டை வைத்த வேகத்தில் பால் கொட்டியது.

“யாரு அனுப்பினா உங்கள?”

மனிதர் பயந்தே போனார். “யாரும் அனுப்பலீங்க. நான் நிலம் அளக்கற வேலை பாத்து ரிடையரானவன். மாரிக் பாட்டுன்னா உசுரு, அவ்வளவுதான்.”

அடலைன் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றை எங்கோ பார்த்துப் படியெடுத்திருக்கிறார். அதில் இருக்கிறதாம்: தினமும் பின்வாசலில் இருந்து விளிம்பு வரை அறுபது தப்படி நடக்கிறேன்.

“இப்ப உங்க வாசல்லேருந்து பத்தொம்பது. கடல் வருஷத்துக்கு ரெண்டு தப்படி தின்னுது. நூத்திப்பத்து வருஷம் முன்னாடி, அவங்க இருந்தப்ப, இங்கேருந்து கடலுக்கு இருநூத்தி நாப்பது தப்படி இருந்திருக்கும்ங்க. அவங்க எழுதினது அறுபது.”

“அப்ப அவங்க வீடு?”

ஜன்னல் வழியே கை நீட்டினார். தண்ணீரைக் காட்டினார். சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுக்கு மேலே மிதக்கிற ஆரஞ்சு மிதவை தெரிந்தது.

“அந்தப் பக்கமா. முதல் போருக்கு முன்னாடியே விழுந்திருக்கும். எப்ப விழுந்துச்சுன்னு கூட யாரும் எழுதி வெக்கல.” நீட்டிய கையை இறக்க மறந்துவிட்டார்.

“இந்த மேசை ஏலத்துல வாங்கினது” என்றேன். ஏன் சொன்னேன்?

“தெரியுங்க. அடியில ஏலக்கடைச் சீட்டு ஒட்டியிருக்கு.”

இருபத்திரண்டு வருஷம் துடைத்த மேசை. ஒருநாள் குனிந்து பார்த்ததில்லை!

“யாருகிட்ட சொல்லப் போறீங்க?”

“நான் ஏன் சொல்றேன்? வீடு உங்களுது.”

அதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம் அந்த ஆள்.

அக்டோபர் 14

லிட்டில்வுட் நேற்றே போய்விட்டார். சுற்றுலா அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். ஒருவேளை அடலைனின் நிஜ வீடு எங்கே என்று யாராவது தேடியிருப்பார்கள். நாங்கள் மாட்டிய பலகையைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார்கள். கடல் ஒரு தரம் தள்ளிய வீட்டை நாங்கள் இரண்டாம் தரம் தள்ளிவிட்டோம். வெட்கமாக இருக்கிறது.

டோரீன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சீசன் போனா எதத் தின்பே, காத்தையா? பைத்தியக்காரி.” என்றாலும் முத்திரை குத்தினாள்.

அக்டோபர் 29

பதில் வந்தது. புத்தகத்தில் என் வீடு இல்லை. பலகையைக் கழற்றினேன். பின்னால் சுவர் வெளுத்திருந்தது. வெகுநேரம் அழுதேன்.

ஜனவரி 17, 1994

புயல். கோழிக்கூண்டும் ஏழு தப்படி நிலமும் போயிற்று. இந்த வருஷத்துக்கு ஒருவர் கூட இடம் கேட்கவில்லை.

மார்ச் 2

பிப்ரவரி கடைசியில் லிட்டில்வுட் கடிதம் வந்தது. மாரிக் வாசகர் வட்டத்துப் பத்திரிகையில் அந்த வீட்டைப் பற்றி எழுதலாமா, என் பெயரை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார். என்னிடம் இன்னும் என்ன பிடுங்கப் பார்க்கிறார்? மூன்று நாள் யோசித்துவிட்டு, என் பொய்யையும் சேர்த்தே எழுதுங்கள் என்று பதில் போட்டேன்.

ஜூன் 11

வாசகர் வட்டத்தில் இருந்து பதினான்கு பேர். என்னைத் திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, காலையில் இருந்து மாடிப்படியை மூன்று தரம் துடைத்தேன். மேசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து, கை நீட்டி, “அங்கதாங்க இருந்துச்சு” என்றேன். லீட்ஸில் இருந்து வந்த ஓர் அம்மாள் அடலைனின் பாட்டு ஒன்றைத் தண்ணீரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். மற்றவர்கள் வாயசைத்தார்கள். என் தேநீர் முழுதும் ஆறிப்போனது.

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார், “அடுத்த ஜூன்லயும் இதே ரூம் கிடைக்குமாங்க?”

“கிடைக்கும்” என்றேன். பதிவேட்டைத் திறந்தேன். பின்வாசலில் இருந்து விளிம்புக்கு மிச்சம் பன்னிரண்டு தப்படி. கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலைத் தேடி எடுத்து அவர் பெயரை எழுதினேன்.