அரை றாத்தல் பாண்

அக்கா, இன்றும் நாலரை மணிக்குப் பாண் வண்டி வந்தது. மடவளைக்காரரின் த்ரீவீலர் நம் மேட்டில் ஏறும்போதே அந்த ஒரே மெட்டு கேட்டுவிடும், உங்களுக்குத்தான் தெரியுமே. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். எதை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தவள், மெட்டு கேட்டதும் ஒரு காலில் மட்டும் செருப்போடு படியிறங்கி ஓடினேன். சூடான பாண் வாசனை முகத்தில் வந்து மோதியது. "எத்தன டீச்சர்?" என்று கேட்டார். உங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளில் நானும் திண்டுக்கல் போய்விடுவேன்.

பதினொரு வருஷத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து கடல் தாண்டி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். ஹேவாஹெட்ட வீதியிலிருந்து வீட்டுக்கு எண்பத்தேழு படி. துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. தோல் பையில் பூஞ்சணம். குரங்கு சமையலறை வரை வந்து தேங்காயைத் தூக்கிக்கொண்டு போகும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட" என்று கத்துவார். முன்னால் நகரச் சொல்கிறார் என்று புரியாமல் மரம் மாதிரி நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெல்தெனியப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை, விடிந்தால் கிளம்பிவிடுவார். என் கடவுச்சீட்டிலோ தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது என்று முத்திரை. எட்டு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், ஜன்னலுக்கு ஜன்னல் நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கீழ்வீட்டில் உங்களைக் கவனித்தேன். நகரசபை வேலை முடிந்து வருவீர்கள், கையில் தாளில் சுற்றிய இரண்டு பிரெட். பாண் என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும். எங்கள் ஊரில் பிரெட் என்றால் காய்ச்சல்காரருக்கு. பெரியாஸ்பத்திரி வாசலில்தான் அது தொங்கும். பாவம், இந்த வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் போலிருக்கிறது, அக்கம்பக்கத்தில் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லையே, என்ன ஊர் இது என்று மனசுக்குள் திட்டினேன். நான்காம் நாள் பொறுக்கவில்லை. கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியில் ஊற்றி, ஆறு தோடம்பழமும் எடுத்துக்கொண்டு உங்கள் கதவைத் தட்டினேன்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றேன், குரலை நன்றாகத் தாழ்த்தி.

"இங்க யாருக்கும் ஒன்னுமில்லீங்களே. ஏன்?"

"இல்ல... தினமும் பிரெட் வாங்கிட்டுப் போறீங்களே..."

 நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். "என்னாங்க, வெளிய வாங்க! நமக்கெல்லாம் காச்சலாம், கஞ்சி வந்திருக்கு!" என்று உங்கள் வீட்டுக்கார அண்ணனைக் கூப்பிட்டீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதிரையில் உட்கார வைத்து, பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தீர்கள். இங்கே அதுதான் ராச்சாப்பாடு என்று அன்றுதான் தெரிந்தது. என்ன வேலை செய்தீர்கள் ஊரில் என்று கேட்டீர்கள். டீச்சராக இருந்தேன் என்றேன். "இருந்தேன்னா என்னா அர்த்தம்? டீச்சர்னா டீச்சர்தான்" என்றீர்கள். அன்றிலிருந்து இந்த மேடு முழுக்க எனக்கு அதுதான் பெயர். அரசாங்கம் எடுத்துக்கொண்டதை நீங்கள் ஒரு துண்டுப் பாணோடு திருப்பித் தந்துவிட்டீர்கள்.

அதற்கப்புறம் அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. அண்ணனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால், "டீச்சர், இன்னைக்குப் பாண் நோய்க்குத்தான்!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பீர்கள். நான் அரிசியைக் களைந்துவிடுவேன்.

ஆனாலும் என் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வருஷம் போய்விடுவோம், அடுத்த வருஷம் போய்விடுவோம் என்று அலுமாரிகூட வாங்கவில்லை. "துணிய கதிரையில போட்டே காலத்த ஓட்டுறீங்களே டீச்சர்! கொஞ்சம் உக்காருங்க, தரை தேஞ்சிரும்" என்பீர்கள். ஒரு அடைமழை நாளில், "நீங்க வேற ஊரே பாத்ததில்ல, அதான் இந்த ஈரத்தப் போய் கொண்டாடுறீங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "எங்க பெரியப்பா வீட்டாளுங்க எல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனாங்க. எங்கப்பாவையும் போவச் சொன்னாங்க. அவரு மாட்டேன்னுட்டாரு. நீங்க திட்டுற மழையிலதான் டீச்சர் நான் பொறந்தேன்" என்றீர்கள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் என் வாசலில் சூடாக ஒரு பாண் இருந்தது. மன்னிப்பு நான் கேட்டிருக்க வேண்டும், அக்கா. கேட்கவே இல்லை. மறுவாரம் போய் அலுமாரி வாங்கினேன், அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது.

போன வருஷக் கடைசியில் அவருடைய வேலை ஒப்பந்தம் இத்தோடு முடிகிறது என்று கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தெருவில் வீடு, எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்பது, வாயைத் திறந்தால் திண்டுக்கல்தான். அந்த நாட்களில் நீங்கள் பாண் வண்டிக்கு வருவது நின்றது. படியேற மூச்சு வாங்குகிறது என்றீர்கள். நானே வாங்கி வந்து கொடுத்தேன். நீங்கள் கேட்ட அளவு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு முழுப் பாண், இரண்டு றாத்தல், ஒரு றாத்தலாகி, ஒன்று அரையாகிவிட்டது. ஒருநாள் தேத்தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தீர்கள்.

"பாண் எறங்க மாட்டேங்குது டீச்சர்."

"ஆறிப்போச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு, கப்பலில் அலுமாரி போகுமா என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

யாரென்றே தெரியாத வீட்டில் இரண்டு பிரெட்டைப் பார்த்துக் கஞ்சியோடு ஓடி வந்தவள் நான்தானே? பதினொரு வருஷம் உங்கள் கையால் தின்றவள், அரை றாத்தலைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இந்த ஊருக்கு என் கண் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். பழகித் தொலைத்ததுதான் வினை. ஆஸ்பத்திரியில் உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். முன்னமே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. நான் கஞ்சி கொண்டு வந்தேன். இரண்டு கரண்டி இறங்கியது. என் முகத்தைப் பார்த்து, "இப்பத்தான் டீச்சர் சரியான ஆளுக்குக் கொண்டாந்திருக்கீங்க" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து சுவரில் தலையை வைத்து அழுதேன். அந்தப் படுக்கையிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

இன்று வண்டிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு நின்றபோது அண்ணனும் வந்தார். கால் றாத்தல் வெட்டி வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார். நான் வீட்டுக்கு ஓடி, காலையில் கட்டிய பெட்டியைப் பிரித்துப் பானையை வெளியே எடுத்தேன். அதே தூக்குவாளி, அதே கதவு.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"எனக்கு ஒன்னுமில்ல டீச்சர். தனியா திங்கப் புடிக்கல, அவ்வளவுதான்" என்றார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

நீங்கள் என்னை உட்கார வைத்த அதே கதிரையில் உட்கார்ந்தேன். அவர் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை ஒருதரம்கூட எழுந்திருக்கவில்லை, அக்கா. நீங்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

திரும்பும்போது வண்டி வளைவில்தான் நின்றது. மடவளைக்காரரிடம் என் திண்டுக்கல் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அரை றாத்தலுக்குக் கீழே வாங்கினால் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒரு நாள் வண்டிக்கு வராட்டியும் அடிக்கிறேன் டீச்சர்" என்றார்.