எட்டுக் கரண்டி வெந்தயம்

வோபர்ன், ரொறன்ரோ
05.07.2025

அன்பின் ஜெயமலர்,

நீரும் மகள் சிவானியும் பேத்தியும் நைரோபியில் சுகமாக இறங்கியதை அறிந்து நேற்றுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். வழமையாக நீர்தானே என்னை றிச்மண்ட் ஹில்லுக்கு ஏற்றிப்போவீர். இந்தமுறை இவர் கொண்டுபோனார். அர்ச்சனை முடியமுன்னமே "வெளிக்கிடும், பார்க்கிங் நிரம்புது" என்று நின்றார். மூன்றாம் சுற்று சுற்றவில்லை.

ஆபிரிக்கா என்றால் வெயில்தான் என்று வொயில் சேலைகளை அடுக்கிக்கொண்டு போய்க் குளிரில் நடுங்கியதாக எழுதியிருக்கிறீர். நைரோபி ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிற ஊர், ஜூலையில் குளிரும் என்று நான் சொன்னபோது "உமக்கு எல்லாம் தெரியும்" என்று சிரித்தீர். தெரியும்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நூலகத்தில் இருந்து அட்லஸைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. படித்தவள் இங்கே சோறு வடிக்கிறாள். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழக்கப் போகிற மகளோடு, பிள்ளை பார்க்கவென்று போன நீர் ஒட்டகச்சிவிங்கிக்கு இலை கொடுக்கிறீர். பகிடியாய்த்தான் எழுதுகிறேன்.

நான் வறுத்துத் தந்த நாலு கிலோ கறித்தூளும் பத்திரமா?

இப்படிக்கு,
உம்முடைய வதனா

*

கம்பாலா
02.08.2025

அன்பின் வதனா,

தூளின் கதையைக் கேளும். இங்கே வருமுன் நைரோபியில் இருந்து கிகாலிக்குப் போனோம். அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமான நிலையச் சுங்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை மிக மரியாதையாக என் பைகளையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டாள். தூளை என்ன செய்வது? தலையணை உறையில் கொட்டிக் கட்டினேன். இப்போது என் தலைமயிரும் கறி மணக்கிறது.

நான் இங்கே ஒவ்வொரு நாளும் பிழை விடுகிறேன். நைரோபியில் ஒரு கடையில் நேரே போய் வாழைப்பழம் என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் விலை சொல்லாமல் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். சுகம் விசாரிக்காமல் அலுவலைத் தொடங்கினால் அது சண்டைக்கு வந்த மாதிரியாம். கம்பாலாவில் அது இன்னும் நீளம். வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, இரவு நித்திரை எப்படி என்று எல்லாம் கேட்டு முடியத்தான் பழம். ரொறன்ரோவில் என் பக்கத்து வீட்டாள் பதினாலு வருடமாக என் நித்திரையைக் கேட்டதில்லை.

மோட்டார் சைக்கிள் டாக்சியிலும் ஏறிவிட்டேன். சேலையோடு. சிரியாதையும்.

இனி முக்கியமான கதை. நாங்கள் தங்கியிருக்கிற விடுதியின் முதலாளி றிச்சர்ட் என்ற உகண்டாக்காரர். பேத்திக்குக் கஞ்சி வைக்கக் குசினியைத் தந்தார். ஒருநாள் ஏரி மீனில் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார், சமையல்காரர்கள் சாப்பிட்டார்கள், வந்த விருந்தாளிகளும் கேட்டார்கள். இப்போது வாசல் பலகையில் "மாமா ஜெயா மீன் குழம்பு" என்று என் படத்தோடு போட்டிருக்கிறார். இங்கே வயதான பெண்களை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்! ஆறு மாதம் நின்று தன் ஆட்களுக்குத் தூள் வறுக்கப் பழக்கச் சொல்கிறார். சரிவந்தால் கடைகளுக்கும் போடலாமாம். அறுபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு வேலை, வதனா. கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்த்தேன்.

உம்மிடம் வாங்கியே பழகிவிட்டேன், எனக்கு வறுக்கத் தெரியாது. உம்முடைய அளவை உடனே எழுதும். பலகைப் படத்தையும் இந்த மின்னஞ்சலோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜெயமலர்

*

வோபர்ன்
08.08.2025

அன்பின் ஜெயமலர்,

படம் கிடைத்தது. பலகையில் உம்முடைய முகம், உம்முடைய பேர். மீனையும் நீரே பிடித்ததாக எழுதாமல் விட்டது அவருடைய நல்ல குணம்.

இவரிடம் காட்டினேன். "கெட்டிக்காரி, போன இடத்திலை காலூன்றிட்டா" என்றார். இருபத்தேழு வருடமாக என் தூளில் சாப்பிடுகிறவர் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அளவு கேட்டிருந்தீர். என் சமையல் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன். மல்லி அரைக் கிலோ, செத்தல் மிளகாய் அரைக் கிலோ, பெருஞ்சீரகம் நூறு கிராம், சின்னச்சீரகம் ஐம்பது, மிளகு ஐம்பது, வெந்தயம் எட்டு மேசைக்கரண்டி, மஞ்சள் இரண்டு துண்டு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்கவும்.

இன்று ஆடி வெள்ளி. விரதத்தில் தலை சுற்றுகிறது. இதோடு நிறுத்துகிறேன்.

வதனா

*

கம்பாலா
30.08.2025

அன்பின் வதனா,

எழுதக் கூச்சமாக இருக்கிறது. உம்முடைய தூளின் பேரைக் கெடுத்துவிட்டேன்.

நீர் எழுதியபடி பன்னிரண்டு கிலோ வறுத்தோம். எட்டுக் கரண்டியா என்று சிவானி இரண்டுதரம் கேட்டாள். "வதனா எழுதினால் அது சரியாய்த்தான் இருக்கும், கடுகளவும் பிசகாதவ" என்று சொல்லி அவளின் வாயை அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தேவாலயத்து ஆட்கள் நாற்பது பேருக்கு விருந்து. குழம்பு கைத்தது. வாயில் வைக்கேலாத கைப்பு. இங்கே ஒருவரும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்கப் போனபோது எல்லாவற்றிலும் மீன் அப்படியே கிடந்தது. குசினிக்குள் போய் அழுதேன்.

வெந்தயத்தை நான்தான் கருக்கியிருப்பேன். பழக்கமில்லாத கை. றிச்சர்ட்டிடம் எனக்கு இது சரிவராது என்று சொல்லிவிட்டேன். தூள் என்னுடையது அல்ல, கனடாவில் இருக்கிற என் சிநேகிதியுடையது என்று முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். உமக்கு எழுத மறந்துவிட்டேன். சந்திரவதனா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அதுதான் பலகையில் என் பேர்.

இப்போது அவர் "அப்ப அவவையே கூப்பிடுவம்" என்கிறார். டிக்கெட் அவர் போடுவார். ஆறு மாதம். எனக்குத் தந்த வேலை இனி உமக்கு. உம்முடைய அவர், சண்முகலிங்கம் அண்ணையிடம் நான் கதைக்கட்டுமா? வெளியூர் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டீர், வதனா. வாரும்.

அன்புடன்,
ஜெயமலர்

*

வோபர்ன்
06.09.2025

அன்பின் ஜெயமலர்,

உம்முடைய கடிதம் வந்து ஒரு கிழமை. முதல் நாள் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கமாட்டேன். இவரும் "போய்ட்டு வாரும், நான் சமாளிப்பன்" என்று உடனே சொல்லிவிட்டார். கடவுச்சீட்டை எடுத்துத் திகதி பார்த்தேன். விளக்கேற்றப் போனேன், கைகூப்பினேன், ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. ஏழு நாளும் அப்படித்தான்.

நீர் ஒன்றையும் கருக்கவில்லை. என் கொப்பியில் வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி. எட்டு என்று எழுதினது நான். பிசகி எழுதவில்லை. இரண்டு என்று முதலில் எழுதி, அழித்து, எட்டு என்று எழுதினேன்.

பக்குவம் கேட்டால் ஒன்றை ஒளித்துச் சொல்கிற பெண்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அப்படி ஒளித்தால் ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நான் செய்தது அது இல்லை. நீர் பலபேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று செய்தேன். நாற்பது பேர் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பலகைப் படத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு, றிச்சர்ட்டுக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். முதலில் அவருடைய சுகத்தை, வீட்டாரின் சுகத்தை விசாரித்துத்தான் தொடங்கினேன். பிழை என்னுடையது, அந்த வேலை உம்முடையது, சரியான அளவு இது, எனக்கு டிக்கெட் வேண்டாம் என்று எழுதினேன். அதை அனுப்பிய பிறகுதான் உமக்கு எழுத உட்கார்ந்தேன். மாறிச் செய்திருந்தால் எனக்குத் துணிவு வந்திராது.

பதில் எழுதும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீர் தந்துவிடுவீர், அது எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இனி உமக்குப் பொய் எழுத மாட்டேன். இவ்வளவும் எழுதிய பிறகும் அந்தப் பொறாமை போகவில்லை. டிக்கெட் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு வந்து, கம்பாலாவில் இப்போது மழை பெய்கிறதா என்று பார்த்தேன்.

வதனா