கீழ்க்கை சாய்ந்த பக்கம்

பிப்ரவரி 9

கல்லூரியில் துறைக் கூட்டம். என்னைவிட ஏழு வயது இளையவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதிய பாடத்திட்டத்தை எனக்கே விளக்கினார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் அண்ணன் மகள், தோளில் நீளமான துணிப்பை. அண்ணனுக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இவள் மட்டும் எப்போதாவது எட்டிப்பார்ப்பாள்.

"தாத்தாவோட வில்லு, சித்தப்பா. பரண்ல கிடந்துச்சு. வார்னிஷ் பாம்புச்சட்டை மாதிரி உரியுது. நீங்கதான் நாற்காலி மேசையெல்லாம் இழைச்சுப் புதுசாக்குவீங்களே. இதுல அம்பு விடணும்னு எனக்கு ஆசை."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்லுவேன். அவர் எங்க கேக்கறாரு!"

வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

பின்னறை மேசையில் வில். ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தேன். பிடிக்கு மேலுள்ள பாதி, மேல்கை, நூல் பிடித்த மாதிரி நேர். கீழ்ப்பாதி, கீழ்க்கை, ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. முப்பத்தாறு வருடமாக அப்படித்தான் நிற்கிறது.

எழுதித் தொலைக்கிறேன். எனக்குப் பதினாறு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அப்பா அவனை ஒருமுறை வேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தார். அடுத்தது என் முறை. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கீழ்க்கை திருகியிருப்பதை அப்பா கண்டுபிடித்தார். தப்பாக நாணேற்றினால்தான் அப்படித் திருகும். நாணேற்ற அனுமதி இருந்தது அண்ணனுக்கு மட்டும். "யாருடா?" என்றார். "அண்ணன்தான்" என்றேன். "நான் இல்லப்பா" என்றான் அவன். அப்பா வில்லைச் சுவரில் மாட்டினார். பிறகு யாரையும் எங்கும் கூட்டிப்போகவில்லை.

நான் பார்க்காத அந்தக் காட்டை வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா காரியத்தன்று அதைத்தான் அவனிடம் சொன்னேன். "உன்னால போச்சு" என்று, பத்துப் பேர் நடுவில். அன்றோடு சரி.

பிப்ரவரி 15

விடுமுறை. காலையிலிருந்து சுரண்டல். பழைய வார்னிஷ் செதில் செதிலாக வருகிறது. அழுத்தினால் அடியில் மரத்தின்மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி இழை அறுந்துவிடும். ஆகவே நனைத்த உப்புத்தாளை இரண்டு விரலால், குழந்தை முதுகைத் தடவுவதுபோல. பதினொரு மணி வாக்கில் வெயில் மேசைக்கு வந்தது. இழைக்குக் கீழே மரத்தின் ரேகைகள் தெரிய ஆரம்பித்தன. தேன் நிறம். ஓரிடத்தில் ரேகைகள் பிரிந்து, சுற்றி, மறுபடி சேர்கின்றன. ஓடை மாதிரி. அதன் கரையில் அப்பா குனிந்து நடக்கிறார். நான் பின்னால், சருகு மிதிக்காமல். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. தாள் காய்ந்து விரலில் ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 16

மூக்கைச் சிந்தினால் அப்பாவின் வார்னிஷ்.

பிப்ரவரி 19

அவள் போனில், "கரும்பச்சை அடிச்சுடுங்க சித்தப்பா, கெத்தா இருக்கும்" என்றாள். மாட்டேன் என்றேன். நிறமில்லாத வார்னிஷ்தான். திருகலையும் எடுக்கப்போவதில்லை. அவன் மகள் கையில், அவன் கண்முன், தான் செய்தது தெரிந்துகொண்டே இருக்கட்டும். இதற்காகத்தான் இந்த வேலையை எடுத்தேனா? ஆமாம். இதற்காகத்தான்.

பிப்ரவரி 21

புது நாண் வாங்க, வில்லையும் எடுத்துக்கொண்டு வில் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் ஒத்தக்கண்ணர் என்கிறார்கள். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. எதைப் பார்த்தாலும் ஒன்றை மூடிக்கொள்வார். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"அருமையா சுரண்டியிருக்கீங்க. இதைத் திருகினவர் இடதுகைக்காரரோ?"

"இல்லை. வலதுகை. என் அண்ணன்."

"இருக்காதே சார். வலதுகைக்காரன் நாணுக்கும் வில்லுக்கும் நடுவுல வலது காலை விட்டு, தொடையால அழுத்தி வளைப்பான். தப்பாப் பண்ணினா கீழ்க்கை இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. காலை மாத்திப் போட்டிருக்காரு."

"எல்லாரும் ஒரே மாதிரி ஏத்துவாங்களா என்ன?"

"உங்க அண்ணனுக்காக வில்லு பொய் சொல்லுமா சார்?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டேன். என் கையை அவர் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

இடது கை.

பிப்ரவரி 22

அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று நாணேற்றிப் பார்த்தேன். யோசிக்காமல், உடம்பு போன போக்கில். இடது கால் நடுவில் போயிற்று. கண்ணாடியில் வலது கால். கண்ணாடியில் அப்பா.

அச்சு அசல் அப்பா.

அவர் நாணேற்றும்போதெல்லாம் எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தவன் நான். பார்த்ததை அப்படியே செய்தேன்; எதிரே இருந்து பார்த்ததால் அவருடைய வலது எனக்கு இடது. ஒரே ஒரு முறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், யாரும் வீட்டில் இல்லாதபோது. எவ்வளவு சுத்தமாக ஏற்றினேன் என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் பெருமை வேறு! அந்த ஒரு முறையை நான் குற்றத்தில் சேர்க்கவே இல்லையே. ஏன்? எனக்குத் தெரியாமலா? தெரியாமல்தான். சத்தியமாக— யாரிடம் சத்தியம் பண்ணுகிறேன்?

அவனுக்கும் அடுத்த முறை காடு இல்லாமல் போயிற்று. அதைப்பற்றி ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

பிப்ரவரி 23

கல்லூரிக்குப் போகவில்லை.

மார்ச் 1

கீழ்க்கையை வெந்நீரில் பிடித்து, எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி, அப்படியே குளிர்ந்த நீரில். ஏழெட்டுத் தடவை. முக்கால்வாசி நேராகிவிட்டது. மீதி வராது. முப்பத்தாறு வருடம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது அல்லவா.

நுனிகளுக்குக் கொம்புத் துண்டு ஒட்டி அரத்தால் வடிவாக்கினேன். அவள் ஆசைக்குப் பிடியின் இரு பக்கமும் கரும்பச்சை நூலை இருபது சுற்று. பழைய வில்களில் பிடிக்குக் கீழே இழுவிசையும் நீளமும் மையால் எழுதியிருக்கும். சுரண்டியதில் அது போய்விட்டது. மறுபடி எழுதினேன். அதற்குக் கீழே, அரிசியளவு எழுத்தில் இன்னொரு வரி: கீழ்க்கையைத் திருகியது தம்பி.

மை காய்ந்ததும் வார்னிஷ். மூன்று பூச்சு. இனி வேண்டாம் என்று நினைத்தாலும் எடுக்க முடியாது.

மார்ச் 7

வந்து எடுத்துப்போனாள். "ஐயோ, உள்ள தண்ணி ஓடற மாதிரி இருக்கு!" என்றாள். அந்த வரியை அவள் கவனிக்கவில்லை. உங்கப்பாவிடம் காட்டு என்றேன். துணிப்பையை நானே அவள் தோளில் மாட்டிவிட்டேன்.

மார்ச் 10

ஒன்றுமில்லை. போன் வேலை செய்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 12

அவள் பேசினாள். "அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சாரு சித்தப்பா. ரெண்டு எண்ணும் ஒரு வரியும்தானே இருக்கு, அதுக்கு எதுக்கு அவ்வளவு நேரம்? அப்புறம், 'அந்தக் கழுதையை ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. ஏத்தற விதம் இன்னும் தெரியாது அவனுக்கு'ன்னாரு. நீங்க என்ன பண்ணினீங்க?"

கழுதை. நல்ல வார்த்தைதான்.

மார்ச் 15

போனேன். கொல்லையில் வில்லோடு நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பயணத்தில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அவனுக்கு எதிரே போய் நின்றேன்.

"அங்க நிக்காதடா" என்றான், வில்லில் கால் நுழைத்துக்கொண்டே. "பக்கத்துல வா."